விடுபட்ட 40 பேர்

பயிற்சியின் இரண்டாவது நாள் மதியம். சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் கண் சொக்குகிற நேரம். மேஜைக்கு இரண்டு பேராக உட்கார்ந்திருந்தவர்களிடம் ஒரு பட்டியலைக் கொடுத்திருந்தார் பேராசிரியர். 100 நோயாளிகள், 100 வரிசைகள். எல்லோருக்கும் ஒரு புது மருந்து ஆறு மாதம் கொடுக்கப்படுகிறது. எத்தனை சதவீதம் பேருக்குக் குணமானது என்று சொல்ல வேண்டும். நிஜ நோயாளிகள் இல்லை. பயிற்சிக்காக அவரே உட்கார்ந்து தயாரித்த பட்டியல்.

முதலில் முடித்தது அந்தப் பெண்தான். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். மதுரையில் புள்ளியியல் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, சென்னையில் மருத்துவ ஆய்வுத் தகவல்களைச் சரிபார்க்கும் வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கம்ப்யூட்டரில் கை பறக்கும். ஆறாவது மாதத்துக் கட்டம் காலியாக இருந்த 40 வரிசைகளை நீக்கினாள். மீதி 60. அதில் குணமானவர்கள் 54.

"90 சதவீதம் சார்" என்று கையைத் தூக்கினாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸம்மா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுத் திரையைப் பார்த்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். வார்டிலும் வெளிநோயாளிப் பிரிவிலுமாக முப்பது வருட சர்வீஸ்.

"ஏம்மா, அந்த 40 பேரு எங்க போனாங்க?"

"டேட்டா இல்லக்கா. அதான் எடுத்துட்டேன்."

"டேட்டா இல்லன்னா ஆளே இல்லன்னு ஆயிடுமா?"

அவளுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பேராசிரியர் எதுவும் சொல்லாமல் சிரித்துக்கொண்டே அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்.

அந்த ஐந்து நாள் பயிற்சியின் ஏற்பாடே அப்படித்தான். கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஒரு வகுப்பு, நோயாளியைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வகுப்பு என்று பிரிக்கவில்லை. ஒரு மேஜைக்குக் கணக்குக்காரர் ஒருவர், வார்டிலோ களத்திலோ வேலை பார்ப்பவர் ஒருவர். ஐந்து நாளும் ஜோடி மாறக் கூடாது. முதல் நாள் இரண்டு பேருக்கும் அது பிடிக்கவில்லை. 'இந்தம்மாவுக்கு மவுஸ் பிடிக்கவே தெரியலையே' என்று அவளும், 'இந்தப் பொண்ணு ஒரு நோயாளியைத் தொட்டுப் பார்த்திருக்குமா' என்று அவரும் நினைத்தார்கள்.

ஆனால், முதல் நாள் மாலைக்குள்ளேயே ஒருவரை விட்டால் இன்னொருவருக்கு வேலை ஓடாது என்பது புரிந்துவிட்டது. அன்று கொடுத்த பட்டியலில் நோயாளிகளின் சராசரி வயது 71 என்று வந்தது. ஆனால், கண்ணால் பார்த்தால் எல்லோரும் நாற்பதுகளில் இருப்பவர்கள். தேடிப்பார்த்தால், மூன்று பேருக்கு வயது 999. "வயசு தெரியலன்னா 999 போடச் சொல்லுவாங்கம்மா" என்றார் நர்ஸம்மா. தெரியாது என்பதற்காகப் போட்ட எண்ணை, கம்ப்யூட்டர் உண்மையான வயதாக எடுத்துக் கூட்டிவிட்டது.

இன்னொரு பக்கம், பல பேர் ஜனவரி 1-ஆம் தேதி பிறந்திருந்தார்கள். "பொறந்த தேதி தெரியாதவங்களுக்கு நாங்க அப்படித்தான் எழுதிடுவோம்" என்று வெட்கத்தோடு சிரித்தார். வேறு சிலர் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்பே வீடு திரும்பியிருந்தார்கள்! 04/05 என்று நர்ஸ் எழுதியது மே மாதம் 4-ஆம் தேதியை. அமெரிக்க வழக்கப்படி அமைந்த மென்பொருள் அதை ஏப்ரல் 5 என்று படித்திருந்தது.

நர்ஸம்மாவும் அவளிடம் கற்றுக்கொண்டார். தப்பாக எழுதிய எண்ணை வெள்ளை மை பூசி மறைக்கக் கூடாது. ஒரே கோடாக அடித்து, பழைய எண் தெரியும்படி விட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, சுருக்கெழுத்தும் தேதியும் போட வேண்டும். "மறைச்சா சந்தேகம் வரும்க்கா. அடிச்சுட்டு எழுதினா, திருத்துனது யாரு, எப்பன்னு தெரியும்" என்று அவள் சொன்னபோது, அவர் அதைத் தன் நோட்டில் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டார்.

இரண்டாம் நாள் மதியத்துக்குத் திரும்புவோம். எல்லா மேஜையும் முடித்ததும் பேராசிரியர் பலகையில் இரண்டு எண்களை எழுதினார். ஒன்று 90. இன்னொன்று 54.

"60 பேர்ல 54 பேருக்குக் குணம்னா 90 சதவீதம். கணக்கு சரிதான். ஆனா மருந்தை ஆரம்பிச்சது 60 பேர் இல்லையே, 100 பேர். வராத 40 பேரும் குணமாகலைன்னு வெச்சுக்கிட்டா 54 சதவீதம். எல்லாரும் குணமாகி, இனிமே எதுக்கு ஆஸ்பத்திரின்னு வீட்ல இருந்துட்டாங்கன்னு வெச்சுக்கிட்டா 94. உண்மை இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கு. அது எங்கேன்னு கம்ப்யூட்டர் சொல்லாது. யாராவது போய்க் கேட்டாத்தான் தெரியும்."

அதனால்தான் மருந்தை ஒப்பிடும் ஆய்வுகளில், எந்தப் பிரிவில் யாரைச் சேர்த்தார்களோ அவரைக் கடைசி வரை அந்தப் பிரிவிலேயே எண்ண வேண்டும் என்ற விதி இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டாலும், பாதியில் நிறுத்தினாலும், ஊரைவிட்டே போனாலும் அவர் அந்தக் கணக்கில் ஒருவர். நன்றாக மருந்து சாப்பிட்டவர்களை மட்டும் எடுத்து எண்ணினால், எந்த மருந்தும் நல்ல மருந்தாகத்தான் தெரியும்.

அப்போது நர்ஸம்மா ஒரு சந்தேகம் கேட்டார். "சார், ரொம்ப முடியாம இருக்கறவங்களுக்குப் புது மருந்து கிடைக்கிற மாதிரி நாங்களே பார்த்துச் செஞ்சா என்ன தப்பு? பாவம்தானே?"

பேராசிரியர் ஒரு கதை சொன்னார். இங்கிலாந்தில் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்று ஒருவர். டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டவர். முதல் உலகப் போருக்குப் போன இடத்தில் காசநோய் பிடித்துக்கொண்டது. நீண்ட காலம் படுக்கை. டாக்டர் படிப்பு கைவிட்டுப் போனது. படுத்தபடியே தபால் வழியில் பொருளாதாரம் படித்தார். பிறகு புள்ளியியலுக்கு வந்தார். டாக்டர்களுக்குக் கணக்கு புரிய வேண்டும் என்று 1937-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் தொடர் எழுதினார். அது புத்தகமாகவும் வந்தது.

உலகப் போர் முடிந்த நேரத்தில், காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து வந்தது. பிரிட்டனிடம் அது கொஞ்சம்தான் இருந்தது. எல்லோருக்கும் கொடுக்க வழியில்லை. அந்த ஆய்வில் யாருக்கு மருந்து, யாருக்கு வழக்கமான படுக்கை ஓய்வு என்பதை எந்த டாக்டரும் முடிவு செய்யவில்லை. ஹில் தற்செயல் எண்களைக் கொண்டு பட்டியல் தயாரித்து, ஒட்டிய உறைகளுக்குள் வைத்துக் கொடுத்தார். நோயாளியை ஆய்வில் சேர்த்துக்கொண்ட பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். மொத்தம் 107 பேர். ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் இறந்தவர்கள் 4. ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14. 1948-இல் முடிவு வெளியானபோது யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. ஏனென்றால், பாவப்பட்டவர், பிடித்தமானவர், பிழைத்துக்கொள்வார் என்று தோன்றியவர் என்று யாரையும் பொறுக்கி எடுக்கவில்லை.

"நீங்க இரக்கப்பட்டு முடியாதவங்களை எல்லாம் ஒரு பக்கம் தள்ளிட்டா, மருந்து நல்லதா இருந்தாலும் தோத்துப்போகும். அப்புறம் அது யாருக்குமே கிடைக்காது" என்றார் பேராசிரியர். நர்ஸம்மா மெதுவாகத் தலையாட்டினார்.

மூன்றாம் நாள் அவர் சொன்ன கதை சென்னையிலேயே நடந்தது. பயிற்சி நடந்த கட்டடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான், சேத்துப்பட்டில் 1956-இல் காசநோய் மருந்து சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. சென்னை மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று நான்கு பேர் சேர்ந்து இழுத்த தேர். பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை ஏற்றார். இங்குள்ள டாக்டர்களும், ஆய்வகக்காரர்களும், புள்ளியியலாளர்களும், வீடு வீடாகப் போன பெண்களும் கூடவே வேலை செய்தார்கள்.

அன்றைக்கு இருந்த கேள்வி இதுதான். காசநோய் என்றால் ஊருக்கு வெளியே சானடோரியம், மாதக்கணக்கில் படுக்கை, நல்ல சாப்பாடு. அத்தனை நோயாளிகளுக்கும் நாட்டில் கட்டில் இல்லை. மருந்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் என்ன? ஒற்றை அறையில் எட்டு பேர் படுக்கிற வீடு, போதாத சோறு, கூலிக்குப் போக வேண்டிய கட்டாயம். அங்கே மருந்து வேலை செய்யுமா? கூட இருக்கும் குழந்தைகளுக்கு நோய் ஒட்டிக்கொள்ளாதா?

நோயாளிகளை இங்கும் தற்செயல் முறையில்தான் இரண்டாகப் பிரித்தார்கள். இரு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்ஸும், ஒரு வருடம். வீட்டில் இருப்பவர் மாத்திரையை உண்மையில் சாப்பிடுகிறாரா என்று யாருக்குத் தெரியும்? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய், மீதி மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்தின் சுவடு இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

ஒரு வருட முடிவில் நோய் அடங்கியவர்கள், சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். சாப்பாட்டிலும் ஓய்விலும் சானடோரியம் எவ்வளவோ மேல். அப்படியிருந்தும் வித்தியாசம் அவ்வளவுதான். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கும் அதனால் நோய் அதிகமாகப் பரவவில்லை. அதோடு விடாமல், ஐந்து வருடம் வரை நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்த அந்தக் கட்டுரை, காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம் என்று உலகத்தை மாற்றி யோசிக்க வைத்தது.

"அந்தக் கட்டுரையை எழுதினவர் பேரு என்ன தெரியுமா?" என்று கேட்டார் பேராசிரியர். யாரும் பதில் சொல்லவில்லை. "தனி ஆள் பேர் இல்லை. அந்த மையத்தோட பேரைத்தான் போட்டிருந்தாங்க. கணக்குப் போட்டவர், மாத்திரை எண்ணினவர், சளியைச் சோதிச்சவர் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பேரு."

வகுப்பு முடிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. நர்ஸம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "என்னம்மா, நேத்துலேருந்து ஒரு மாதிரியா இருக்க?" என்று கேட்டார்.

"எங்கப்பாவும் அந்த 40 பேர்ல ஒருத்தர்தான்க்கா" என்றாள்.

2007. அவள் மூன்றாம் வகுப்பு. அப்பாவுக்குக் காசநோய் என்று தெரிந்து, ஊருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் மருந்து ஆரம்பித்தார்கள். அப்போதைய முறைப்படி வாரத்துக்கு மூன்று நாள், ஊழியர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். மூன்றாவது மாதம் அப்பா நிறுத்திவிட்டார். அடுத்த வருடம் சளியில் ரத்தம் வந்து திரும்பப் போனபோது, அட்டையில் 'டிஃபால்ட்' என்று எழுதியிருந்தார்கள். இரண்டு மாதமோ அதற்கு மேலோ மருந்தை விட்டவர்களுக்கு அன்று அதுதான் பெயர். வங்கிக் கடனைக் கட்டாமல் விட்டவருக்கும் அதே வார்த்தைதான். மறுபடி மருந்து சாப்பிட வந்தவர்களுக்கு அன்றைய வழக்கப்படி, இரண்டு மாதம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் சேர்த்துப் போட்டார்கள். நோய் போய்விட்டது. ஆனால், அந்த ஊசி காது நரம்பைப் பாதிக்கக்கூடியது. அப்பாவுக்கு அன்று மங்கிய காதுதான், இன்றுவரை தெளியவில்லை.

பிராட்ஃபோர்ட் ஹில்லின் உறைகளைக் கேட்டபோது வகுப்பே வியந்தது. அவள் மட்டும் மருந்தின் பெயரைக் கேட்டதும் குனிந்துகொண்டாள்.

"ஏன் நிறுத்தினாருன்னு கேட்டியா?" என்றார் நர்ஸம்மா.

கேட்டதில்லை. 'உங்கப்பன் பண்ணுன தப்பு' என்று உறவுக்காரர்கள் பேசிக் கேட்டிருக்கிறாள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

சேத்துப்பட்டில் தாம்பரம் ரயிலைப் பிடித்து, அதில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போன் செய்தாள். அம்மாதான் எடுத்தார். அவள் கேட்டதை அப்பாவின் காதில் கத்திச் சொன்னார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அப்பாவே போனை வாங்கினார். காது கேளாதவர்கள் பேசுகிற மாதிரி உரக்கப் பேசினார்.

"இருமல் நின்னுபோச்சு தாயி. ஊருல மழை இல்ல, வேல இல்ல. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு ஆள் எடுத்தாக, போயிட்டேன். அங்கன ஆஸ்பத்திரி தொறக்கறதுக்கும் கம்பெனி கேட்டு மூடுறதுக்கும் ஒரே நேரம். வாரத்துல மூணு நா லேட்டாப் போனா வேலைக்கு வச்சுக்கிருவானா? அதான்."

"அதை ஆஸ்பத்திரில சொல்ல வேண்டியதுதானப்பா?"

அம்மா அதைத் திரும்பக் கத்திச் சொன்னார்.

"ஏன் வரலன்னு யாரும் கேக்கலயே தாயி. நீதான் மொதோ ஆளாக் கேக்குற."

பேசி முடிப்பதற்குள் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் வந்துவிட்டது. தினமும் கடந்துபோகிற பெயர்ப்பலகைதான். அன்றைக்கு ரயில் கிளம்பும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான்காம் நாள் காலையில் இதை நர்ஸம்மாவிடம் சொன்னாள். அவர் ஒன்றும் பேசாமல் பைக்குள்ளிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். பிறகு, "வா, அந்த 40 பேரப் பாப்போம்" என்றார்.

அன்றைய வேலை, ஆய்வு தொடங்குவதற்கு முன்பே திட்டத்தை எழுதுவது. யாரை எண்ணுவது, எதைக் குணம் என்று சொல்வது, வராதவர்களை எப்படிக் கணக்கில் வைப்பது என்று எல்லாவற்றையும் முடிவு தெரிவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டு விதியை மாற்றக் கூடாது. மருத்துவ ஆய்வுகளை முன்கூட்டியே பதிவு செய்ய இந்தியாவில் 2007-இல் பொதுப் பதிவேடு தொடங்கியது. 2009-இலிருந்து, மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதியோடு நடக்கும் ஆய்வுகளுக்கு அது கட்டாயம்.

அவர்கள் இருவரும் சேர்ந்து தயாரித்த படிவத்தில், 'வந்தார் / வரவில்லை' என்பதற்குக் கீழே இன்னொரு கட்டம் சேர்ந்தது. ஏன் வரவில்லை? காரணங்களைச் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. குணமாகிவிட்டதாக நினைத்தார். வேலைக்கு வெளியூர் போனார். பஸ்ஸுக்குக் காசில்லை. வீட்டில் யாரோ தடுத்தார்கள். இறந்துவிட்டார்.

"இதுல முதலாவதும் கடைசியும் மருந்தோட சம்பந்தப்பட்டிருக்கலாம். பஸ்ஸுக்குக் காசில்லாததுக்கும் மருந்துக்கும் சம்பந்தமில்ல. எல்லாத்தையும் ஒரே மாதிரி காலியா விட்டா எனக்கு வித்தியாசம் தெரியாதுக்கா" என்றாள்.

"எனக்கு வித்தியாசம் தெரியும். ஆனா எழுத எடம் இல்லாம இருந்துச்சு" என்றார் அவர். பக்கத்து வீட்டுக்காரர் போன் நம்பருக்கும் ஒரு கட்டம் போடச் சொன்னார். "போன் மாத்திட்டே இருப்பாங்கம்மா. பக்கத்து வீடு மாறாது."

கடைசி நாள் ஒவ்வொரு ஜோடியும் எழுந்து பேச வேண்டும். அவள் திரையில் 54, 90, 94 என்று மூன்று எண்களையும் போட்டாள். 90-ஐ மட்டும் சொல்வது ஏன் தப்பு என்று விளக்கினாள். நர்ஸம்மா படிவத்தை விளக்கினார். டாக்டர் ஒருவர், "நோயாளி டிஃபால்டரா இருந்தா, அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?" என்று கேட்டார்.

"2013-லயே உலக சுகாதார நிறுவனம் காசநோய்ல அந்த வார்த்தையை எடுத்துருச்சு சார்" என்றாள் அவள். "இப்ப, தொடர் கண்காணிப்புல விடுபட்டவர்னுதான் சொல்றாங்க. அவர் விட்டாரா, நாம விட்டோமான்னு போய்க் கேட்டாத்தானே தெரியும்?" குரல் கொஞ்சம் நடுங்கியது. டாக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, "சரிதான்" என்று எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை மறுபடி அலுவலகம். திரை நிறையக் கட்டங்கள். இந்த முறை நிஜ நோயாளிகள். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஓரிடத்தில், மூன்றாம் மாதத்துக் கட்டம் காலி. அவளுடைய வேலையில், சந்தேகம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஒரு கேள்வி அனுப்புவார்கள். வழக்கமாக, 'தகவல் இல்லை, உறுதிப்படுத்தவும்' என்றுதான் அனுப்புவாள். அன்று, 'ஏன் வரவில்லை என்று தெரியுமா?' என்று கேட்டு அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்து, முகம் தெரியாத ஏதோ ஒரு நர்ஸிடமிருந்து பதில் வந்தது.

'மகள் கல்யாணம். போனில் பேசினேன். மாத்திரை சாப்பிடுகிறார். அடுத்த வாரம் வருகிறார்.'